விடுதிப் பிள்ளைகளும் கைப்பேசியும்

(ஒகேனக்கல்லில் விடுதிக் காப்பாளர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விக் கழகத்தின் மேடையில் கைப்பேசியைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். விடுதியின் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவிய அண்ணல் அம்பேத்கர், அடுத்த ஆண்டே சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்காக ஒரு விடுதி எழச் செய்தார். படிப்பு மறுக்கப்பட்ட குழந்தைக்குப் பாடநூல் மட்டும் போதாது, அச்சமின்றி உறங்க ஓர் இடமும் வேண்டும் என்பதை அப்பெரியோர்கள் உணர்ந்திருந்தனர். இன்று அச்சம் தலையணையின் கீழ் ஒளித்து வைத்த சிறு கருவியின் வழியாகவும் வருகிறது. ஆகவே இதுவும் விடுதியின் பொருளே ஆகும்.

இக்கருவி நம் பிள்ளைகளின் கையில் ஆடம்பரமாக வந்து சேரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இடம் மாறிற்று. கடன் வாங்கியேனும் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்த பெற்றோர் இக்கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். பென்னாகரம் வட்டாரத்திலிருந்து பெங்களூருவின் கட்டட வேலைக்கும் செங்கற்சூளைக்கும் செல்லும் தாய் தந்தையரின் குரல், விடுதியிலிருக்கும் குழந்தைக்கு அதன் வழியாகவே கேட்கிறது. நாளை கல்லூரியில் சேரும்போது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் அது வேண்டும். அதனை முற்றிலும் விலக்குவோம் என்பது, பிள்ளையின் கையிலிருந்து தாயின் குரலையும் சேர்த்துப் பறிப்பதாகும்.

என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் பொறுப்பேற்றிருந்த விடுதியில் கைப்பேசி வைத்திருப்போர் வெளியேற்றப்படுவர் என்று அறிவித்திருந்தேன். ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று மகிழ்ந்தும் இருந்தேன். பின்னர் ஒரு மாணவி உண்ணாமலும் உறங்காமலும் வாடுவதைச் சமையற்கார அம்மையார் கண்டு சொன்னார். முகம் அறியாத ஒருவன் அவளுடைய படத்தைத் திருத்தி, பரப்பிவிடுவேன் என்று மூன்று வாரங்களாக மிரட்டி வந்திருக்கிறான். ‘ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை?’ என்றேன். ‘சொன்னால் கைப்பேசி வைத்திருந்தது தெரிந்துவிடும், படிப்பு போய்விடும், ஐயா’ என்றாள். அவனுக்கு அஞ்சியதைவிட அவள் எனக்கு அதிகமாக அஞ்சியிருக்கிறாள். என் சட்டம் அவளைக் காக்கவில்லை. அவள் வாயை மட்டுமே அடைத்தது.

இவ்வூர் மக்கள் காவிரியிடமிருந்து கற்ற பாடம் ஒன்று உண்டு. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அளக்கப்படுகிறது. வெள்ளம் பெருகினால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. நீர் வடிந்தபின் தடை நீங்குகிறது. பரிசலில் ஏறுவோர் பாதுகாப்பு மேலங்கி அணிய வேண்டும். இவை ஒருவருடைய சினத்தால் பிறந்த விதிகள் அல்ல. அளந்து பார்த்து, எல்லோரும் அறிய அறிவிக்கப்படுபவை. ஆற்றங்கரையில் பிறந்த குழந்தைக்கு ஆற்றை மறைப்பார் இல்லை, நீந்தக் கற்பிப்பார்.

விடுதியிலும் விதிகள் அவ்வாறே அமைதல் வேண்டும். முதலாவதாக, கைப்பேசிக்குரிய நேரத்தையும் இடத்தையும் மாணவர் மன்றத்தோடு கலந்து முடிவு செய்து சுவரில் எழுதி வைப்போம். இரவில் அவை அனைத்தும் பொது அறையில் பூட்டப்படட்டும்; பெற்றோரின் அழைப்புக்கு விடுதி எண் ஒன்று எந்நேரமும் திறந்திருக்கட்டும். இரண்டாவதாக, கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது என்பதையும், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும், அறியாதவரைத் தடைசெய்யும் முறையையும் கணக்குப் பாடம்போல் கற்பிப்போம். மூன்றாவதாக, தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வரும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று வெளிப்படையாக உறுதி கூறுவோம். இம்மூன்றில் கடைசியே முதன்மையானது. அது இல்லையேல் மற்ற இரண்டும் வீண்.

தீங்கு நேர்ந்தால் செய்தியை அழிக்காதீர்கள். குழந்தையின் ஆபாசப் படமாயின், சான்றுக்காக என்றுகூட அதனைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி அதனை அனுப்புவதே குற்றமாகும். கருவியை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த காப்பாளர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூறுகிறது. விடுதியின் பெயர் கெடும் என்று மறைப்பவர், அப்பெயரோடு குழந்தையின் வாழ்வையும் கெடுக்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு வேறொரு சுமையும் உண்டு. சாதி கடந்த ஒரு திருமணத்தையொட்டி 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகள் தீக்கிரையானதை இம்மாவட்டம் மறக்கவில்லை. அத்தகைய மண்ணில், இரு மாணவர் சேர்ந்து நிற்கும் ஒரு சாதாரணப் படமும் தீயவர் கையில் தீக்குச்சியாகலாம். இதைச் சொல்லி அவர்களை அச்சுறுத்த வேண்டா, அறிந்திருக்கச் செய்வோம். இணையவழியில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருப்பதையும் அவர்கள் அறியட்டும். தலைகுனிய வேண்டியவர் இழித்தவரே, இழிக்கப்பட்டவர் அல்லர்.

அரசினர் விடுதிகள் இனி சமூகநீதி விடுதிகள் எனப்படும் என்று 2025 ஜூலையில் தமிழக அரசு அறிவித்தது. பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். நள்ளிரவில் கலங்கிய குழந்தை ஒன்று காப்பாளரின் கதவைத் தட்டுவதற்கு நெடுநாள் நம்பிக்கை வேண்டும். இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அந்நம்பிக்கையை வளர்ப்பனவாக அமையட்டும்.