3 சென் தண்ணீரும் ஒரு கலங்கரை விளக்கமும்



சிறு நாடுகளின் அயலுறவு பற்றி அறிஞர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் பேச்சு வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் போய்விடுவது வழக்கம். வல்லரசுகளுக்கு நடுவே சிறு நாடு எப்படிப் பிழைக்கிறது என்பது சுவையான கேள்விதான். ஆனால் ஒரு சிறு நாட்டின் வெளியுறவு அமைச்சுக்கு அன்றாடம் தலைவலி தருவது பக்கத்து நாடு. குடிநீர்க் குழாய், ரயில் நிலம், கடல் எல்லை, காட்டுத்தீப் புகை, கோழி இறக்குமதி என்று அந்தத் தலைவலிக்குப் பல பெயர்கள். இக்கருத்தரங்கின் கவனத்தை அந்தப் பக்கம் திருப்புவதற்காகவே இந்தத் தலைமை உரை சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறது. அண்டை நாடுகளோடு அது கைகுலுக்கிய படங்கள் ஏராளம் உண்டு. அது எப்படிச் சண்டை போட்டது என்பதில்தான் ஆய்வாளருக்குத் தீனி இருக்கிறது.

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு கிடையாது. குடிநீரில் பெரும்பகுதி அண்டை மலேசிய மாநிலமான ஜோகூரிலிருந்து, இரண்டையும் இணைக்கும் கடற்பாலத்தை ஒட்டிய குழாய்களில் வந்தது. அந்தக் குழாயின் அருமை அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தைத் தகர்த்தபோது குழாயும் அறுந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் தீவு ஜப்பானியரிடம் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். பிரிவினை நாளிலேயே மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பிரிட்டிஷ் தூதர் ஆன்டனி ஹெட்டிடம் ஒன்று சொன்னார். சிங்கப்பூரின் வெளியுறவு மலேசியாவுக்குக் கேடாக அமைந்தால், ஜோகூர்த் தண்ணீரை நிறுத்திவிடுவோம் என்று சொல்லி வழிக்குக் கொண்டுவரலாம் என்பதே அதன் சாரம். சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

இதற்குச் சிங்கப்பூரின் முதல் தற்காப்பு காகிதம். 1961, 1962 ஆகிய இரண்டு தண்ணீர் ஒப்பந்தங்களுக்கும் பிரிவினை ஒப்பந்தத்துக்குள்ளேயே உத்தரவாதம் எழுதப்பட்டது. அந்த ஒப்பந்தம் ஐ.நா.விலும் பதிவானது. 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். 2061 வரை இந்த உரிமை செல்லும். விலை 1,000 காலனுக்கு 3 மலேசிய சென். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை ஜோகூர் 1,000 காலனுக்கு 50 சென் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இந்த 3 சென் மலேசிய அரசியல் மேடைகளில் எத்தனை முறை முழங்கியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. முழங்கியதில் வியப்பும் இல்லை. நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் கொடுத்துவிட்டு வாங்கும் அந்தக் காசை இன்று மலேசியக் கடையில் தனியாக எடுத்து நீட்டக்கூட முடியாது. 2008 முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு விலையை மறுபரிசீலனை செய்ய இடம் இருந்தது. 1987-இல் அந்த வாய்ப்பு வந்தது. மலேசியா அதைப் பயன்படுத்தவில்லை. பின்னாளில் மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது விலையை உயர்த்தக் கேட்டபோது, காலம் கடந்துவிட்டது என்றது சிங்கப்பூர். 50 சென்னுக்கு விற்கும் நீரைச் சுத்திகரிக்க அதைவிடப் பல மடங்கு செலவாகிறது என்றும் கணக்குக் காட்டியது. 1990 ஒப்பந்தத்தின்படி ஜோகூருக்குள் லிங்கியு அணை கட்டச் செலவிட்டதும் அந்தக் கணக்கில் சேரும். சட்டப்படி சிங்கப்பூர் வலுவான இடத்தில் நிற்கிறது. ஆனால் மலேசியரின் மனக்குறையை வெறும் அரசியல் கூச்சல் என்று ஒதுக்கும் ஆய்வாளர் பாதிக் கதையைத்தான் எழுதுவார்.

2002, 2003-இல் இந்தப் பேச்சுவார்த்தை கசந்து முறிந்தபோது, இரு பிரதமர்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையே சிங்கப்பூர் அச்சிட்டு வெளியிட்டது. இங்கிதமான செயல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதே வேளையில் இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்தது. 2003-இல் கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர், 2005-இல் துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008-இல் மரினா அணைக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2011 ஆகஸ்ட் 31 அன்று 1961 ஒப்பந்தம் காலாவதியானபோது அதை நீட்டிக்கச் சிங்கப்பூர் கெஞ்சவில்லை. குனோங் பூலாய், ஸ்கூடாய் நீர்நிலையங்களை நல்ல நிலையில், காசு வாங்காமல் ஜோகூரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தது. 1965-இல் கழுத்தைப் பிடித்த பிரச்சினை, 2011-இல் ஒரு கையளிப்பு விழாவாகச் சுருங்கியிருந்தது. மாற்றுவழி கையில் இருந்ததால்தான் ஒப்பந்தத்தைப் பற்றி நிதானமாகப் பேச முடிந்தது.

ஆனாலும் இயற்கை ஒப்பந்தம் படிப்பதில்லை. 2016 அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காக வற்றியது. நீர் குறைந்து ஜோகூர் ஆற்றில் உப்பு ஏறினால் இரு தரப்புக் குழாய்களிலும்தான் ஏறும்.

ரயில் கதை வேறு மாதிரி. சிங்கப்பூருக்கு நடுவே, உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை, மலேசிய ரயில்வேக்குச் சொந்தமான நிலம் நீண்ட கீற்றாகக் கிடந்தது. காலனி ஆட்சியின் மிச்சம் அது. அதை விடுவிக்க 1990-இல் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதற்கு என்ன பொருள் என்பதிலேயே இருபது ஆண்டு சண்டை. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரை விட்டு நகர மறுத்தார்கள். விளைவு வேடிக்கையானது. வடக்கே போகும் பயணி முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைவதற்கான சோதனையை முடிப்பார். பிறகு ரயிலில் தீவைக் கடந்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முத்திரை வாங்குவார். ஒரு நாட்டை விட்டுக் கிளம்புமுன்பே இன்னொரு நாட்டுக்குள் நுழைந்துவிடும் இந்த விந்தை பதின்மூன்று ஆண்டுகள் ஓடியது.

2010-இல் இரு நாட்டுப் பிரதமர்களான நஜீப் ரசாக்கும் லீ சியென் லூங்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரயில் நிலத்துக்கு மாற்றாக மரினா சவுத்திலும் ஓபிர் - ரோச்சோர் பகுதியிலும் விலைமதிப்புள்ள மனைகள் தரப்பட்டன. அவற்றை மேம்படுத்த, அரசு முதலீட்டு நிறுவனங்களான மலேசியாவின் கசானா 60 விழுக்காடு, சிங்கப்பூரின் தெமாசெக் 40 விழுக்காடு என்று ஒரு கூட்டு நிறுவனம் அமைந்தது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டிச் சென்றார். அதோடு முடியவில்லை. மாற்றப்படும் நிலங்களுக்கு மேம்பாட்டு வரி உண்டா என்ற கேள்வி மிஞ்சியது. தொகை ஏறத்தாழ 147 கோடி வெள்ளி. இரு நாடுகளும் அதை நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் கீழ் அமைந்த நடுவர் குழுவிடம் விட்டன. 2014 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: வரி கிடையாது. சிங்கப்பூர் தோற்றது, தீர்ப்பை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனது.

இந்தத் தோல்வியை ஆய்வாளர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். வெல்லும்போது சட்டத்தைப் போற்றுவது எவர்க்கும் எளிது. பெட்ரா பிராங்கா வழக்கில் தோற்றபோது மலேசியா செய்ததும் சிங்கப்பூர் செய்த வகைதான். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், 137 மீட்டர் நீளமே உள்ள கருங்கல் திட்டு அது. 1851 முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. 1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் அதைத் தன் எல்லைக்குள் காட்டியதும் சச்சரவு மூண்டது. 2003-இல் இருவரும் சேர்ந்தே அனைத்துலக நீதிமன்றத்தை நாடினார்கள். அங்கே வழக்கின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது 1953-ஆம் ஆண்டு அலுவலகக் கடிதம் ஒன்று. திட்டின் நிலை என்ன என்று சிங்கப்பூர்க் காலனி அலுவலகம் அந்த ஆண்டு ஜூனில் கேட்க, செப்டம்பரில் ஜோகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், ஜோகூர் அரசு அதற்கு உரிமை கோரவில்லை என்று பதில் எழுதியிருந்தார். தொடக்கத்தில் திட்டு ஜோகூருடையதே என்று சொன்ன நீதிமன்றம், 1980-க்குள் உரிமை கைமாறிவிட்டது என்று 2008 மே 23 அன்று தீர்ப்பளித்தது. பக்கத்துப் பாறையான மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. 2017-இல் மறு ஆய்வு கேட்டு மனுப் போட்ட மலேசியா, அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதைத் திரும்பப் பெற்றது. யாரோ ஓர் அதிகாரி எழுதிய சில வரிக் கடிதம் ஐம்பது ஆண்டு கழித்து எல்லையை வரைகிறது என்றால், ஆவணக் காப்பகமும் சிறு நாட்டின் பாதுகாப்புத் துறைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த வழக்கைச் சிங்கப்பூர்த் தரப்பில் முன்னின்று நடத்திய எஸ். ஜெயகுமார் தமிழர். அவருக்கு முன் வெளியுறவு அமைச்சராக இருந்த தனபாலனும், நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்னமும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரத்னம்தான் 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஆசியானைத் தோற்றுவித்த பிரகடனத்தில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர். அப்போது மலேசியாவோடு பிரிவினைக் கசப்பு ஆறவில்லை. மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃபிராந்தாசி மோதல் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மேசையில் சிங்கப்பூரும் ஓரிடம் பிடித்ததே பெரிது.

இந்தோனேசியாவோடு உள்ள உறவு, சட்டம் மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி. 1965 மார்ச்சில் சிங்கப்பூரின் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்து மூவரைக் கொன்ற இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் சுகார்த்தோவே கருணை காட்டக் கேட்டார். 1968 அக்டோபரில் சிங்கப்பூர் அவர்களைத் தூக்கிலிட்டது. பணிந்துபோனால் அண்டை நாடு சொல்வதே சட்டம் என்றாகிவிடும் என்ற அச்சம் அதில் இருந்தது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973-இல், லீ குவான் இயூ ஜகார்த்தாவின் காலிபாத்தா கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்த இருவரின் கல்லறைகளில் பூத் தூவினார். தண்டனை சரி என்ற நிலையிலிருந்து அவர் அணுவளவும் இறங்கவில்லை. ஆனால் ஜாவானியப் பண்பாட்டில் அந்தப் பூவுக்கு என்ன மதிப்பு என்பதை அறிந்திருந்தார். சுகார்த்தோவோடு நெடுங்கால நட்பு அதன் பிறகுதான் தளிர்த்தது. அப்படியும் 2014-இல் அந்த இருவரின் பெயரை இந்தோனேசியா தன் போர்க்கப்பலுக்குச் சூட்டியபோது பழைய புண் மறுபடி வலித்தது.

அண்மைய எடுத்துக்காட்டு வான்வெளி. ரியாவ் தீவுகளின் மேல் பறக்கும் விமானங்களை 1940-கள் முதல் சிங்கப்பூரே வழிநடத்தி வந்தது இந்தோனேசியாவுக்கு மானப் பிரச்சினை. 2022 ஜனவரியில் பிந்தானில், கைதிகளை ஒப்படைப்பது, தற்காப்பு, வான்வெளி என மூன்று உடன்பாடுகள் ஒன்றாக முடிவாகி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. வான்வெளி இந்தோனேசியாவுடையது என்றாயிற்று. அதன் ஒரு பகுதியில் 37,000 அடி வரை வழிநடத்தும் பணி 25 ஆண்டுகளுக்கு மீண்டும் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது. மானம் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு. பேரம் என்று இதைச் சொன்னால் இரு தலைநகரங்களிலும் முகம் சுளிப்பார்கள்.

காகிதமும் பூவும் உதவாத இடங்களும் உண்டு. 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, அன்றாடம் கடற்பாலம் கடந்து வேலைக்கு வந்த ஜோகூர்வாசிகள் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியதாயிற்று: சிங்கப்பூரில் தங்குவதா, வேலையை விடுவதா? பிள்ளைகளின் முகம் பாராமல் மாதக்கணக்கில் கழித்தவர்கள் பலர். நில எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அப்போது சிங்கப்பூர் உண்ட கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து உயிரோடு வந்தது. சிக்கன் ரைஸ் கடைக்காரர் சிலர் உறைகோழிக்கு மாறாமல் கடையை மூடி வைத்தார்கள். எல்லையின் இருபுறமும் வாழும் இந்த மக்களை அயலுறவு ஆய்வுகள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது பெருங்குறை. 2025 ஜனவரியில் ஜோகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. உட்லண்ட்ஸ் நார்த்தையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ரயில் பாதையும் எழுந்துவருகிறது. அவற்றின் வெற்றியை முதலீட்டுத் தொகையால் மட்டும் அளக்காமல், விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களின் நேரத்தாலும் அளக்கும் ஆய்வுகள் தேவை.

சிங்கப்பூரின் இந்த அணுகுமுறை எல்லாச் சிறு நாடுகளுக்கும் பொருந்துமா என்பது இந்த அவையின் முன் உள்ள கேள்வி. கடல்நீர் ஆலை கட்டவும் தி ஹேக் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்காடவும் பணம் வேண்டும். பூட்டானிடமும் மாலத்தீவிடமும் சிங்கப்பூர் அளவுக்குப் பணம் இல்லை. அவற்றுக்கு அண்டையில் இருப்பது நடுத்தர நாடும் அல்ல, இந்தியா. ஆகவே இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் மூன்று விவரங்களை இந்த அவை கேட்டுப் பெற வேண்டும்: எந்தச் சச்சரவு எழுத்தில் ஏறியது, தீர்ப்பைச் சொன்னது யார், தோற்றவர் பிறகு என்ன செய்தார். 2061-க்குப் பிந்திய ஜோகூர்த் தண்ணீர் பற்றி இருவரும் இன்னும் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை. முதல் அமர்வு அதிலிருந்தே தொடங்கட்டும்.