சீதனக் காணியும் ஒரு கையொப்பமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருமணத்தைப் பற்றிப் பேசுங்கள், சிரிக்கவும் வேண்டும் என்றார் செயலாளர். இருபது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இரண்டாவது நிபந்தனை கஷ்டமில்லை.

எங்கள் கலியாணங்களில் சாத்திரியார் பொருத்தம் பார்த்தார், தரகர் மாப்பிள்ளையின் பட்டம் பார்த்தார், நொத்தாரிசு சீதன உறுதியை வாசித்தார். அந்த உறுதியை முழுக்க வாசித்த மணப்பெண் இங்கே இருந்தால் கையை உயர்த்துங்கள். ஒருவருமில்லை. நாங்களும் வாசிக்கவில்லை, சேலையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்டது எங்கள் தேசவழமை. சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று அது சொல்வதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்படி, யாழ்ப்பாணத்து மனைவி தன் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுத மட்டும் வேண்டாம். கணவன் தன் காணியை விற்க எங்களை யாரும் கேட்பதில்லை. மட்டக்களப்புத் தோழிமார் சிரிக்கலாம், அவர்களுக்கு இந்தச் சட்டமில்லை.

நாங்கள் வைத்தியர்கள் தினமும் சம்மதப் பத்திரத்தோடு வாழ்கிறவர்கள். கருப்பையை எடுக்க ஒரு பெண்ணின் கையொப்பம் போதும். கிணற்றடியோடு இரண்டு பரப்பு விற்க அது போதாது.

வீட்டிலுள்ளவர் கேட்டவுடன் கையொப்பம் வைக்கிறவர். அதனால்தான் இத்தனை வருடமாக இது எங்கள் கண்ணில் படவில்லை.

கண்ணில் பட வைத்தவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. கணவன் வெளிநாடு போய்ப் பதினொரு வருடம், கடிதமுமில்லை, அழைப்புமில்லை. மகளின் படிப்புக்காகக் காணியில் பாதியை விற்கப் போனாள். “அவர்ர கையொப்பம் எங்க?” என்றார் நொத்தாரிசு. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். கேட்டாள். துணைக்கு நாங்களும் போனோம். கணவர் எங்கே என்று நீதிபதி கேட்டார். “அதைத்தான் ஐயா நானும் பதினொரு வருசமாக் கேக்கிறன்” என்றாள். மன்றமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. மகள் படித்து முடித்து, இப்போது கலியாணம் பேசுகிறார்கள். மிச்சக் காணியை மகளுக்கு எழுத வேண்டும், திரும்பவும் கோட்டுக்குப் போக வேணுமோ என்று போன கிழமை கேட்டாள். போகத்தான் வேணும், மரணசாசனம் எழுதினால் மட்டும் தேவையில்லை என்றோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“அப்ப நான் செத்துத்தான் பிள்ளைக்குக் குடுக்க வேணும், என்ன?”