குடத்தில் போடாத பெயர்
(பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றில் பேசியது)



மீன் பிடித்துப் பிழைக்கும் எங்களுக்கு ஒரு ஜட்ஜின் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

இந்த ஏரியில் எந்தப் பாட்டில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்க்கிறீர்கள். சண்டை வராமலிருக்க நல்ல ஏற்பாடுதான். சீட்டு விழாதவன் "என் தலையெழுத்து" என்கிறான். ஆனால், குடத்தில் பெயரே போடப்படாதவனுக்குச் சீட்டு எப்படி விழும்? அதுவும் தலையெழுத்தா?

சென்னை ஹைக்கோர்ட்டு 1862-ல் ஏற்பட்டது. அதற்குப் பிறகு 111 வருஷ காலம் தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஒருவர்கூட அங்கு ஜட்ஜாக உட்காரவில்லை. அத்தனை வருஷத்திலும் அந்த வகுப்பில் அறிவுள்ள ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லையா? பிறந்தது தோழர்களே! பெயர்தான் குடத்தில் போடப்படவில்லை.

1920-ல் ஜோலார்பேட்டையில் பிறந்தவர் ஏ. வரதராஜன். சட்டம் படித்து வக்கீலானார். முன்சீப்பாகி, படிப்படியாக ஜில்லா ஜட்ஜானார். 1973 பிப்ரவரியில் ஹைக்கோர்ட்டு ஜட்ஜானார். 1980 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950-ல் ஏற்பட்ட அந்தக் கோர்ட்டில், 30 வருஷம் கழித்து, தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து உட்கார்ந்த முதல் மனிதர் இவரே.

அதனால் வானம் இடிந்து விழுந்ததா? சட்டப் புத்தகம் தீட்டுப்பட்டுப் போயிற்றா? 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கைத் தீர்த்த ஐந்து ஜட்ஜுகளில் இவரும் ஒருவர். உயிர் வாழும் உரிமையில் பிழைப்பும் அடக்கம் என்று அத்தீர்ப்பு கூறிற்று. அதை எழுதியவர் தலைமை ஜட்ஜ் சந்திரசூட். நடைபாதைக் குடிசைகளை அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. அதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் நாளைக்கு உங்கள் பிழைப்புக்கு ஆபத்து வந்தால், கோர்ட்டில் எடுத்துச் சொல்ல ஒரு வாதம் அதில் இருக்கிறது.

அவர் 1985 ஆகஸ்டில் ஓய்வு பெற்று, 2009-ல் காலமானார். ஒருவர் போய் உட்கார்ந்ததோடு கணக்குத் தீர்ந்ததென்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம். இதே ஏரியில் பாட்டுச் சீட்டில் இடமில்லாமல், சேற்றில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் ஜாதியாரும் இருக்கிறார்கள். ஹைக்கோர்ட்டுக் கதவை 111 வருஷம் அடைத்து வைத்தவர்களை ஏசுவது சுலபம். உங்கள் குடத்தில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள். அதோடு, அடுத்த சீட்டுக்கு முன் அந்தக் குடத்தையும் திறந்து வையுங்கள்!