பிறந்த தேதியும் புகைக்குழாயும்

(கருத்தரங்கத் தலைமையுரை)



இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்ததற்கு நன்றி. கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது. என்னைவிடக் காற்று வேதியியல் தெரிந்தவர்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்களுக்கு முன்னால். தலைவர் என்ன சொன்னாலும் தேநீர் இடைவேளை வரை யாரும் திருத்துவதில்லை என்ற நல்ல மரபை நம்பித்தான் எழுந்து நிற்கிறேன்.

அழைப்பிதழில் உள்ள பொருள், சென்னையின் மேற்குப் புறநகரில் குறை உமிழ்வு மண்டலம் அமைப்பதன் வாய்ப்புகளும் தடைகளும். 1996இல் ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், மால்மோ, 2008இல் பெர்லின், 2019 ஏப்ரலில் லண்டனின் மிகக்குறை உமிழ்வு மண்டலம்: இந்த வரிசை உங்களுக்கு மனப்பாடம். வாய்ப்புகளுக்கு நாளை பிற்பகல் ஓர் அமர்வு இருக்கிறது. தடைகளை, நம் வழக்கப்படி, இரண்டு நாளும் பேசுவோம். நான் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வண்டியை மண்டலத்துக்குள் விடுவதா, வாசலில் நிறுத்துவதா என்று எதை வைத்து முடிவு செய்வது? அது பிறந்த தேதியை வைத்தா, அது விடும் புகையை வைத்தா?

டெல்லி பிறந்த தேதியைப் பிடித்துக்கொண்டது. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டு தாண்டிய வண்டிகளை நிறுத்தச் சொன்னது; அடுத்த ஆண்டு டீசலுக்குப் 10 ஆண்டு என்றது; 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள். சில நாள்கூடத் தாங்கவில்லை, நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4) உமிழ்வுத் தர வண்டிகளுக்கும் அதற்குப் பிந்தைய தர வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. பதினோரு ஆண்டு சுற்றிவிட்டு வயதிலிருந்து உமிழ்வுத் தரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தச் சுற்றை நாமும் சுற்ற வேண்டுமா என்பதுதான் என் கவலை.

நம் ஊரில் இன்னும் வேடிக்கை. 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 தரம் நாடு முழுவதற்கும் வரவில்லை. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது. மாருதி 800 அந்த நகரங்களின் விற்பனைக்கூடங்களிலிருந்து காணாமல் போனதும், வெளியூர்களில் மேலும் சில ஆண்டு விற்றதும் அதனால்தான். மற்ற ஊர்களுக்கெல்லாம் அந்தத் தரம் முழுமையாக வந்து சேர்ந்தது 2017 ஏப்ரலில். இடைப்பட்ட ஏழாண்டும் சென்னை, புதிய வண்டிகளைப் பொறுத்தவரை, ஓர் உமிழ்வு மண்டலமாகவே இருந்திருக்கிறது. நம் ஆய்வுகளில் இதை யாரும் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை. லண்டனை மேற்கோள் காட்டுகிறோம், கோயம்பேட்டைக் காட்டுவதில்லை.

2011 ஜூனில் வாங்கிய இரண்டு பெட்ரோல் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சென்னையில் பதிவானது, ஆகவே பிஎஸ்-4. இன்னொன்று திருவண்ணாமலையில் பதிவானது. அது பிஎஸ்-3 ஆக இருப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. இரண்டுக்கும் ஒரே வயது. வயது விதியின்படி 2026 ஜூனில் இரண்டும் ஒன்றாகக் கிழடாகின்றன. லண்டனிலோ பெட்ரோல் கார் யூரோ-4 தரத்தில் இருந்தால் கட்டணமே இல்லை. நமது பிஎஸ்-4 அந்த யூரோ-4ஐப் பார்த்து எழுதப்பட்டதுதான். ஓட்டச் சோதனையின் உச்ச வேகம் மட்டும் 120க்குப் பதில் 90 கிலோமீட்டர். அந்த வேறுபாட்டைப் பற்றி இரண்டாவது அமர்வில் சண்டை போடுங்கள். டீசல் வேறு கதை. லண்டனில் அதற்கு யூரோ-6 வேண்டும். நம் 2012ஆம் ஆண்டு டீசல் கார் எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. தாண்டவும் வேண்டாம். பெட்ரோலையும் டீசலையும் ஒரே வயதுக் கோட்டில் நிறுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இங்கே ஒரு நெடுநாள் நண்பருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்லவில்லை, சொல்லாமலே சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். சாலையில் நிற்கும் அலுவலரால் சரிபார்க்க முடிந்தது வயது ஒன்றுதான், உமிழ்வுத் தரத்தை யார் கண்டது என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. பழைய பதிவுப் புத்தகத்தில் தரத்துக்கென்று ஓர் இடமே கிடையாது, உண்மை. ஆனால் 15 ஆண்டு நிறைந்த ஒவ்வொரு காரும் 41ஆம் பிரிவின்படி பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும். பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுக்கிறார்கள். அந்த எண் எந்தத் தர வண்டிக்குரியது என்பது தயாரித்தவருக்குத் தெரியும். இன்னொரு கட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும். TN 12 பூந்தமல்லி, TN 13 அம்பத்தூர் அலுவலகங்களின் அந்தப் பதிவேடுகளை நம்மில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? மாதிரிக் கணக்கீட்டு மென்பொருளுக்குத் தரும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அங்கே கொடுத்திருந்தால் இந்த வாதம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

நண்பருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். தரமும் ஒரு வகையில் பிறப்புச் சான்றிதழே. கேட்டலிடிக் கன்வர்ட்டர் செத்துப்போன பிஎஸ்-4 வண்டி, நன்றாக டியூன் செய்த பிஎஸ்-3ஐவிட மோசமாக இருக்கலாம். அதற்காகத்தான் புகைச் சான்றிதழ் என்று ஒன்று வைத்திருக்கிறோம். அது எதை அளக்கிறது? பெட்ரோல் வண்டியை நிற்கும் நிலையில் ஓடவிட்டுக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசலை முறுக்கிப் புகையின் அடர்த்தி. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது தொடுவதே இல்லை. லண்டன் மண்டலமோ முதன்மையாக அவற்றைக் குறைப்பதற்காகவே வந்தது. சைலன்ஸருக்குள் குழாயை விடாமலே அச்சாகி வரும் சான்றிதழ்களைப் பற்றி இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. சோதனையைச் சீர்படுத்துவது கடினம், வயதை எண்ணுவது சுலபம். சுலபமானதைச் செய்துவிட்டுக் காற்று தூய்மையானதாக அறிக்கை எழுதுகிறோம்.

என் பக்கமும் ஒரு நலன் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என்னிடம் 20 ஆண்டு தாண்டிய கார் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆன புதுப்பித்தல் கட்டணம், 2025 ஆகஸ்டில் என் வண்டியின் வயதுக்கு 10,000 ஆனது. என் வாதத்தை அதற்கேற்பத் தள்ளுபடி செய்து கேளுங்கள். ஆனால் நான் ஓய்வூதியக்காரன், கட்டிவிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்துத் திருமுல்லைவாயல் திரும்பும் லேத் ஆபரேட்டர் தன் பழைய ஆம்னிக்குக் கட்டுவாரா, பதிவில்லாமலே ஓட்டுவாரா? இரண்டாவது நடந்தால் அந்த வண்டி எந்தச் சோதனைக்கும் வராது.

திருமுல்லைவாயல் என்றதும் எல்லைப் பிரச்சினை வருகிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. மண்டலத்தை மாநகராட்சி எல்லையில் நிறுத்தினால் கோடு சி.டி.எச். சாலையில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே விழும்: அந்த ஆம்னி இரவில் வெளியே, பகலில் உள்ளே. 2023இல் லண்டன் தன் மண்டலத்தை வெளிப்புற வட்டாரங்களுக்கு நீட்டியபோது அங்குள்ள மன்றங்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. நம் மன்றங்கள் அவ்வளவு தூரம் போகாது. அறிவிப்புப் பலகை வைக்க நிதி இல்லை என்று சொல்லிவிடும்.

சட்டம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 59ஆம் பிரிவையே நம் கட்டுரைகள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகின்றன; வண்டியின் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரம் அது, அதுவும் மத்திய அரசின் கையில். 115ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட சாலையில், குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கு அது இடம் கொடுக்கிறது. ஒரு மாதத்துக்குள் முடியும் கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்புகூட வேண்டாம். டெல்லியில் காற்று கெட்ட நாள்களில் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களை நிறுத்தும் ஆணைகள் இந்தப் பிரிவின்கீழ்தான் வருகின்றன. அதில் வயது என்ற சொல்லுக்கே வேலையில்லை. ஒரு மாதச் சோதனையாக, அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலைகளில் பழைய டீசல் சரக்கு வண்டிகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் மட்டும் இதைச் செய்து பார்க்கலாம். ஸ்வீடன்காரர்களும் முதலில் கனரக டீசல் வண்டிகளிலிருந்தே தொடங்கினார்கள். காரைத் தொடுவதற்கு முன் லாரியைத் தொட நமக்குத் துணிச்சல் வேண்டும். கார்க்காரருக்குச் சங்கம் இல்லை, லாரிக்கு உண்டு.

வயதுக் கோட்டுக்கும் விலக்கு உண்டு. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு புதுப்பிப்பு இல்லை என்ற விதியில், நாட்டின் பாதுகாப்புக்கான கவச வாகனங்களுக்கு விலக்கு இருக்கிறது. பக்கத்து ஆவடி டாங்கித் தொழிற்சாலை நண்பர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

நேரம் கடந்துவிட்டது, செயலாளர் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டிவிட்டார். முதல் அமர்வின் முதல் கட்டுரை, நான் குறிப்பிட்ட நண்பருடையது. சுருக்கத்தைப் படித்துவிட்டேன், மூன்றாம் பத்தியில் மறுபடியும் 15 ஆண்டுதான். தலைவர் கேள்வி கேட்கக் கூடாது என்று விதி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், அந்த 2011 ஜூன் கார்கள் இரண்டில் அவர் எதை நிறுத்துவார் என்பதே முதல் கேள்வி. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.