நம் பிள்ளைகளும் நவீனத் தொழிற்கல்வியும்
(ஜமாஅத் பொதுக்குழுவில் தலைமை இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

   

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கித் தந்தான். போர்க்கவசம் செய்யும் கலையைக் கற்பித்தான். அதன் வளையங்களைச் சரியான அளவில் அமைக்குமாறு கட்டளையிட்டதையும் ஸபா அத்தியாயத்தில் காண்கிறோம். அரசராயிருந்தும் அவர்கள் தம் கை உழைப்பாலேயே உண்டார்கள்.

இரும்பும் அளவுமே இன்றைய தொழிற்சாலைக்கும் அடிப்படை. ஒரகடத்திலும் ஓசூரிலும் கணினியின் ஆணைப்படி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் உதிரிபாகங்களைக் கடைகின்றன. பள்ளியில் நம் பிள்ளை வரைபடத்தாளில் அச்சுகள் வரைந்து குறிக்கும் புள்ளிகளின் கணக்கே அங்கே வெட்டுக்கருவி செல்லும் பாதையாகிறது. அளந்து பார்க்கும் மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். அளவு தவறிய பாகம் கழிவாகும். ஆகவே, "தொழிலுக்குப் போகிறவனுக்குக் கணக்கு எதற்கு?" என்னும் பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் பாஸ்போர்ட் எடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வளைகுடா செல்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கைத்தொழில் அறியாமல் செல்பவர், பல ஆண்டுகள் கழிந்தும் எடுபிடியாகவே திரும்பி வருவதைக் காண்கிறோம்.

பத்தாம் வகுப்பில் தேறியவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் போன்ற 2 ஆண்டுப் பயிற்சிகளில் சேரலாம். அதன்பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் பெற்றபின் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேர வழியுண்டு. தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.கள் நவீன இயந்திரங்களுடன் தரம் உயர்த்தப்பட்டு, 2023-இல் அவற்றின் மையங்கள் திறக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. ஐ.டி.ஐ. படிப்பும் அவற்றில் அடங்கும்.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்:

1. மஹல்லாவில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, மஃரிபுக்குப் பின் கணித வகுப்பு நடத்துவோம்.

2. தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் ஜமாஅத்தார், மாதம் ஒருமுறை ஜும்ஆவிற்குப் பின் மாணவர்களுக்கு வழிகாட்டட்டும்.

3. தகுதியுடைய ஏழை மாணவரின் கட்டணத்திற்கும் கருவிகளுக்கும் ஜகாத் நிதியிலிருந்து உதவுவோம். பணமின்மையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றால், அதற்காக நாளை மறுமையில் நாமும் விசாரிக்கப்படுவோம் என்பதை அஞ்சுவோம்.

நம் சந்ததியினருக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.