ஏரியைச் சுற்றி, அவசரமில்லாமல்



முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் பல வீடுகளில் கிளம்பும் பேச்சு, "இந்த வருஷம் கொடைக்கானல் போகலாமா?" என்பதுதான். தாராளமாகப் போகலாம். எப்போது போவது, எத்தனை நாள் தங்குவது, எதையெல்லாம் பார்க்காமல் விடுவது என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் போகலாம். அந்தப் பேச்சுக்கு உதவியாகச் சில விஷயங்களை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம். கொடைக்கானல் பழனி மலையில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்க 1845-ல் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். அப்போது ஏரி கிடையாது. ஓடை ஓடும் சதுப்பு நிலமாக இருந்த இடத்தில் 1863-ல் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியவர், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். தண்ணீர் மலையின் மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்து நின்றதால் ஏரிக்கு நட்சத்திர வடிவம் அமைந்தது. மொத்தப் பரப்பு சுமார் 60 ஏக்கர்.

இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதே அருவிதான். மேலே ஏரியில் நாம் வீசுகிற பிளாஸ்டிக் உறையும் இந்த வழியாகத்தான் இறங்கும். மனிதர் உண்டாக்கிய ஏரி இது. இதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் நம்முடையதுதான்.

சரி, எப்போது போவது? ஏப்ரல், மே சீசனில் பிரையண்ட் பூங்கா பூத்துக் குலுங்கும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சியும் நடக்கும். ஆனால் சீசனில் சனி, ஞாயிறு போனால் பெருமாள்மலை தாண்டியதும் வண்டி ஊர்ந்துதான் போகும். பிள்ளைகளின் விடுமுறையில்தான் போக முடியும் என்றால், திங்கள் காலை மலையேறி வியாழன் மதியம் இறங்குவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீட்டார் ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். இரவில் நல்ல குளிர் இருக்கும், சில நாள் விடிகாலையில் புல்மேல் உறைபனி படியும், பகலில் வானம் தெளிந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது மலைப்பாதையில் மண்சரிவு உண்டா என்று கேட்டறிந்த பிறகே கிளம்ப வேண்டும்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக் காலத்தில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஆகவே தேதி முடிவானதும் முதல் வேலையாக இ-பாஸுக்குப் பதிவு செய்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ரயிலில் வந்து கொடை ரோடு நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மேலே சுமார் 80 கிலோமீட்டர்.

தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வாங்குவார்கள். மலையேறும் முன் பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள், வளைவுகளில் குமட்டும். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல், ஏறிய கியரிலேயே வண்டியை இறக்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நாளில் பத்து, பன்னிரண்டு இடம் பார்ப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த நாளின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். தூண் பாறையில் பத்து நிமிடம், பைன் காட்டில் பத்து நிமிடம் என்று ஓடினால் ஊர் திரும்பியபின் கையில் படங்கள் இருக்கும், மனசில் ஒன்றும் தங்காது. மூன்று இரவு தங்குங்கள். ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை மட்டும் போதும்.

முதல் நாள் ஏறிய களைப்புக்கு ஓய்வு. இரண்டாம் நாள் விடியற்காலையில், படகுத்துறை திறப்பதற்கு முன்பே, ஏரியைச் சுற்றி நடந்துவிடுங்கள். சுற்றுச்சாலை சுமார் 5 கிலோமீட்டர், அவ்வளவாக மேடு பள்ளம் இல்லை. தண்ணீர்மேல் பனிமூட்டம் படர்ந்திருக்கும். நட்சத்திரத்தின் ஒரு கையைச் சுற்றித் திரும்பியதும், சற்றுமுன் நடந்துவந்த சாலை எதிர்க்கரையில் தெரியும். அதே படகுத்துறை இப்போது வேறு பக்கத்திலிருந்து தெரியும். வயதானவர்கள் நின்று நின்று நடக்கலாம், பிள்ளைகள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே 1872-ல் அமைத்த கோக்கர்ஸ் வாக் நடைபாதைக்கும் போய்வாருங்கள். காலையில் போனால் கீழே சமவெளி முழுவதும் தெரியும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் ஏறி மறைத்துவிடும்.

மூன்றாம் நாள் பூம்பாறைப் பக்கம் போகலாம். படிப்படியாக வெட்டிய வயல்களில் மலைப்பூண்டு விளையும் ஊர் அது. அறுத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டிப் புகை படும்படி தொங்கவிட்டு வைப்பார்கள். தோல் பழுப்பேறியிருக்கும். ஒரு பல்லை நசுக்கினால் போதும், வாசனை மூக்கில் ஏறும். இந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைவித்தவர்களிடமே ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த மலைக்கே போய்ச் சேரும்.

இறங்கும் நாள் காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-ல் இதைக் கட்டியவர், இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் துணைவியார், வெளிநாட்டில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார். கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் தெளிவான நாளில் பழனி தெரியும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது; அடுத்தது 2030.

இரண்டு எச்சரிக்கைகள். 'குணா' படத்தால் பெயர் பெற்ற குகையில் வேலியைத் தாண்டாதீர்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. இரவில் ஊருக்குள்ளேயே காட்டுமாடு வரும். ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும் மிருகம் அது. செல்ஃபிக்காக அருகில் போகாமல், அது வழியைக் கடக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

நேயர்களே, சீசன் நாட்களில் அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு வருவதுண்டு. விருந்தாளியாக ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டாரின் வசதியைப் பார்த்துத்தானே நடந்துகொள்வோம்? அதே மரியாதையை அந்த ஊருக்கும் கொடுப்போம். வார நாளில் போங்கள், கூட நாள் தங்குங்கள், குளிக்கும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். உங்கள் விடுமுறையும் நிறைவாக இருக்கும். அடுத்த தலைமுறைக்கும் அந்த ஏரி மிஞ்சும்.