மாடிப் பலகைத் தளத்துக்கு எத்தனை ஸ்க்ரூ?

(நம் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



மொட்டை மாடியில் 20 அடிக்கு 12 அடி மரப்பலகைத் தளம் போடச் செயற்குழு வாங்கிய எஸ்டிமேட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலகைக்கு அளவு இருக்கிறது, ரீப்பருக்கு அளவு இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் ‘ஸ்க்ரூ, சில்லறைச் சாமான்’ என்று மொத்தமாக ஒரு தொகை. பாங்கில் கூட்டிக் கழித்தே காலம் போனவனுக்கு, எண்ணிக்கை இல்லாத தொகையைக் கண்டால் கை பென்சிலைத் தேடும். அதனால் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஸ்க்ரூவைச் சதுர அடியில் கணக்குப் பார்க்கக் கூடாதுங்க. பலகை ரீப்பர் மேல் உட்காருகிற இடங்களை எண்ண வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு, பலகையின் இரு ஓரத்துக்கும் ஒவ்வொன்று. நடுவில் ஒன்று மட்டும் முடுக்கினால், வெயிலில் பலகை வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் அது.

பலகை ஐந்தரை அங்குல அகலம், நடுவே கால் அங்குலச் சந்து. 12 அடிக்கு 25 வரிசை வரும். ரீப்பரை 16 அங்குலத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். பலகை 10 அடி நீளம், அதாவது 120 அங்குலம். பதினாறாம் வாய்ப்பாட்டில் 112 வரும், 128 வரும், 120 வராது. பலகையின் முனை அந்தரத்தில் நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு பலகையிலும் 8 அங்குலம் வெட்டி எறிய வேண்டும், நம் காசில்.

15 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் 120 சரியாக விழுகிறது. 20 அடிக்கு 16 இடைவெளி, ஆனால் ரீப்பர் 17. தோட்டத்துக்கு வேலிக்கல் நட்டவர்களுக்கு இது புதிதில்லை, பத்து இடைவெளிக்குப் பதினொரு கல்.

25 வரிசை, 17 ரீப்பர்: 425 இடம், 850 ஸ்க்ரூ. இதோடு முடியாது. ஒரு வரிசைக்கு 10 அடிப் பலகை இரண்டு, அடுத்ததற்கு 5, 10, 5 என்று மாற்றிப் போட்டால்தான் இணைப்புகள் ஒரே கோட்டில் வராது. அப்படி 13 வரிசையில் ஒவ்வோர் இணைப்பு, 12 வரிசையில் இரண்டிரண்டு, ஆக 37. இணைப்பில் இரண்டு முனைகள் சேருவதால் கூடுதலாக இரண்டு ஸ்க்ரூ வேண்டும். அது 74. மொத்தம் 924.

அமெரிக்காவில் நூறு சதுர அடிக்கு 350 என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி நமக்கு 840 தான் வரும். கடைசி இரண்டு வரிசைக்கு ஸ்க்ரூ இருக்காது. பாதி வேலையில் தீர்ந்தால் ஆசாரிக்கு அரை நாள் கூலி வீண். அதுகூடப் பரவாயில்லை, அவசரத்துக்குக் கையில் கிடைக்கிற கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை முடுக்கிவிடுவார்கள். ஐப்பசி மழையில் அது துருப்பிடித்துப் பலகையில் கறை இறக்கும், பிறகு தலை ஒடிந்து போகும்.

டாப்ஸ்லிப் என்ற பெயரே தேக்கு மரங்களை மலை மேலிருந்து சரியவிட்டதால் வந்தது. மரம் நமக்குப் புதிதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மரத்தரைதான் புதிது. அதனால் எஸ்.எஸ். 304 ரகம் என்றே எஸ்டிமேட்டில் எழுதி வாங்க வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ.

ஒடிவது, உருண்டு ஓடுவதற்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 1,016. நூறு கொண்ட பெட்டி என்றால் பத்துப் பெட்டி, பதினொன்றாவது பிரிக்காமல் திருப்பித் தரும் பேச்சில். முனைகளில் முதலில் டிரில் போட்டுத்தான் முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை பிளக்கும். ரீப்பர்களை ஒன்றோடொன்று கோக்கிற ஸ்க்ரூ இதில் சேராது, அதைத் தனியாக எண்ணி எழுதித் தரச் சொல்லுங்கள். கான்கிரீட்டில் மட்டும் எங்கேயும் துளை போட விடாதீர்கள், ஐந்தாம் மாடிக்காரர் வீட்டில் ஒழுகும்.

மிச்சம் விழுகிற ஸ்க்ரூ சங்கத்தின் சொத்து. டப்பாவில் போட்டு, அளவையும் எண்ணிக்கையையும் மேலே எழுதி அலுவலக அலமாரியில் வைத்துவிடுங்கள். பலகை மாற்றுகிறபோது வேண்டியிருக்கும்.